மலை நகரவில்லை, அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்களும் அம்மாவும் சுகம்தானே? உங்கள் முட்டிவலி குறைந்ததா? எனக்குச் சளி விட்டுவிட்டது. போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன், கிறுக்கலைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் விடுதி மொட்டைமாடியில், மலை வருஷத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்று அளக்கும் ஜிபிஎஸ் கருவி இருக்கிறது. ஞாயிறன்று, நீங்கள் என்னை விட்டுவிட்டுப் போன சாலை தெரியுமா என்று அதன் கம்பியைப் பிடித்து ஏறினேன். கம்பி சாய்ந்துவிட்டது. கையாலேயே நிமிர்த்திவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

நேற்று அந்தக் கருவியில் அளவெடுக்கும் அக்கா வந்தார். "ஒரே நாள்ல ரெண்டு சென்டிமீட்டரா? மலைக்குக் கால் முளைச்சிருச்சா? வாட்ச்மேன் அண்ணே, இதுல துணி காயப்போட்டீங்களா?"

"சத்தியமா இல்லம்மா. என் துணியெல்லாம் கீழதான் காயுது."

யாரும் நம்பவில்லை. நான் பக்கத்திலேயேதான் நின்றேன். நாளையோடு வாட்ச்மேன் அண்ணனை வேலையை விட்டு நிற்கச் சொல்லிவிட்டார் வார்டன். இன்றும் அவர் என்னிடம், "சாப்டியா பாப்பா?" என்று கேட்டார்.

கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்புங்கள். அம்மாவின் பழைய புடவை ஒன்றும், துவைக்காமல்.

விடிந்ததும் வார்டனிடம் நான்தான் என்று சொல்லிவிடுவேன். என்னைத் திருப்பி அனுப்பினால், பஸ் ஸ்டாண்டில் வைத்துத் திட்டாதீர்கள் அப்பா. வீட்டுக்குப் போனதும் திட்டுங்கள்.

யாரோ வருகிறார்கள்.

உங்கள் மகள்