மூன்று விரல் விபூதி

திருத்தணி,
ஆடி மாதம், புதன்கிழமை.

பாவாவுக்கு உங்கள் மைத்துனன் கஜபதி கைகூப்பி எழுதுவது. இங்கே நான், அக்கா, உங்கள் பிள்ளைகள் எல்லோரும் இருக்கிறோம். சௌக்கியம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

இரண்டு வருஷமாக என் போனை நீங்கள் எடுப்பதில்லை. அது நியாயம்தான். அம்மையார்குப்பம் சக்திவேல் நாளைக்கு மஸ்கட் திரும்புகிறான் என்று கேள்விப்பட்டு, அவன் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். கிழிப்பதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

கிருத்திகைக் கூட்டம் இப்போதுதான் வடிந்தது. கடை வாசலில் இன்னும் காவடிப் பூ வாடிக் கிடக்கிறது, பெருக்க அலுப்பாக இருக்கிறது. தனி ஆளாகப் பட்டறையைப் பார்த்துத் தோள்பட்டை விட்டுப்போயிற்று. ஒரு கியர்பாக்ஸை இறக்கினால் மறுநாள் சட்டை மாட்டக் கை எழும்புவதில்லை. காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே சாயங்காலம் எப்போது வரும் என்று இருக்கிறது. சரி, இதைச் சொல்லவா உட்கார்ந்தேன்?

பொதட்டூர்பேட்டை குணசேகரனின் கார் திரும்ப வந்திருக்கிறது.

நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஹெட் கேஸ்கட் போட்ட கடைசி வண்டி. ஒரே வாரத்தில் குடும்பத்தோடு கனகம்மாசத்திரத்தில் புகை விட்டு நின்றதே, அதேதான். அன்றைக்குக் கோபத்தில் கட்டி இழுத்துப்போய் மாட்டுக் கொட்டகையில் போட்டவர், மகள் ஷாலினிக்கு வேலை கிடைத்திருக்கிறது, ஓட்ட வண்டி வேண்டும் என்று கொண்டுவந்தார். வந்தவர், "அந்த ஆளுதான் இல்லியே, இனிமே பயமில்ல" என்று உங்களைப் பற்றி வேறு சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஹெட்டைக் கழற்றினேன். பத்து போல்ட்டும் ஒரே இறுக்கம் பாவா. ஒன்றில்கூடக் குறை இல்லை. அப்புறம் இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருந்த கேஸ்கட் தகட்டைத் தூக்கினேன். அடியில், இரண்டாவது சிலிண்டர் பக்கம், தண்ணீர் ஓடும் துளையைத் தொட்டபடி மூன்று கோடு. வெந்து, காரை மாதிரி இறுகி, சாம்பல் நிறத்தில் இருந்தது. என் விரல்களை வைத்துப் பார்த்தேன். அளவு எடுத்தது போலப் பொருந்தியது.

ஊரில் எல்லோரும் வேலை முடிந்ததும் மேல் மூடியில்தான் விபூதி வைப்பார்கள். நாமும் அப்படித்தான். அன்று எனக்கு என்னவோ பயம். நீங்கள் டீ குடிக்கப் போயிருந்தீர்கள். காலையில் மலைக்குப் போய் வாங்கி வந்த பொட்டலம் சட்டைப் பையில் இருந்தது. சாமி உள்ளேயே இருந்தால் காப்பாற்றும் என்று, விபூதியைத் தண்ணீரில் குழைத்து, நீங்கள் துடைத்து வைத்திருந்த பிளாக்கின் முகத்திலேயே பூசிவிட்டேன். நீங்கள் வருவதற்குள் கேஸ்கட்டை வைத்து மூடியும் விட்டேன். அங்கே ஒரு முடி விழுந்தாலும் தண்ணீர் கசியும் என்று ஆயிரம் தடவை சொன்னவர் நீங்கள்.

அப்புறம் மறந்துபோனேன் என்று எழுத ஆசைதான். மறக்கவில்லை. வண்டி நின்ற அன்றே எனக்குச் சந்தேகம் வந்தது. அதை மறைக்கத்தான் டீக்கடைக் கூட்டத்துக்கு நடுவே, "பாவாதான் போல்ட்டு வரிசைய மாத்தி முறுக்கிட்டாரு" என்றேன். நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். கையைத் துடைத்துத் துணியை டீக்கடை பெஞ்சில் போட்டுவிட்டுப் போனீர்கள். இரண்டு மாதத்தில் மஸ்கட். அந்தப் பார்வைதான் இன்றைக்கும் என்னைத் தூங்க விடுவதில்லை.

கேஸ்கட்டை எடுத்துக்கொண்டு போய் குணசேகரனிடமும் டீக்கடையிலும் உண்மையைச் சொன்னேன். யாரும் நம்பவில்லை பாவா! "முருகன் விபூதியால வண்டி கெட்டுப்பூடுமா? உங்க பாவாவக் காப்பாத்தறதுக்கு சாமிமேலயே பழி போட்டுகினு கீறியா?" என்று என்னைத்தான் திட்டினார்கள். பொய்யை ஒரே நிமிஷத்தில் நம்பின ஜனம் இது.

அக்காவிடமும் சொன்னேன். அவள் திட்டக்கூட இல்லை. "அவருகிட்ட சொன்னியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனாள். பெரியவனின் நோட்டிலிருந்து தாள் கிழித்துக்கொண்டு வந்து முன்னால் வைத்தாள். அந்தத் தாளில்தான் எழுதுகிறேன்.

ஹெட்டை அரக்கோணம் லேத்தில் கொடுத்து மட்டம் சீவி வாங்கி வந்துவிட்டேன். புது கேஸ்கட்டும் வந்துவிட்டது. ஆனால் மூட மனசு வரவில்லை. ஒருவர் போல்ட் நம்பரை வரிசையாகச் சொல்ல, ஒருவர் முறுக்கித்தானே நமக்குப் பழக்கம்?

அடுத்த வெள்ளி உங்களுக்கு லீவு. அங்கே காலை பத்து மணிக்கு நான் போன் செய்வேன். குணசேகரனை வரச் சொல்லியிருக்கிறேன். டீக்கடைக்காரர்களும் இருப்பார்கள். போனை ஸ்பீக்கரில் போட்டு பேட்டரி மேல் வைக்கிறேன். நடு போல்ட்டிலிருந்து கடைசி வரை நீங்கள் நம்பர் சொல்லுங்கள், நான் முறுக்குகிறேன். வண்டி கிளம்பி மலை ஏறி இறங்கட்டும். யார் வேலை என்று அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

பிளாக்கின் முகத்தை மூன்று முறை துடைத்துவிட்டேன். நீங்கள் போட்டுவிட்டுப் போன துணியை அன்றே எடுத்து வைத்திருந்தேன், அதைத் துவைத்து அதால்தான் துடைத்தேன். இந்த முறை விபூதிப் பொட்டலம் அக்காவிடம் இருக்கிறது.

தணிகை மலையான் உங்களை எந்தக் குறையும் இல்லாமல் வைக்கட்டும். வெள்ளிக்கிழமை ஸ்பானரை முதல் போல்ட்டில் மாட்டிக்கொண்டு நிற்பேன். நீங்கள் "ஒண்ணு" என்று சொல்லாமல் முறுக்க மாட்டேன் பாவா.

உங்கள் மன்னிப்பைக் கேட்டு நிற்கும்,
கஜபதி