கப்பின் அடியில் உன் எழுத்து

இன்று காலையில் என் மருமகள் சமையல் மேடையைத் துடைக்கும்போது அந்தக் கப்பைக் கையில் எடுத்தாள். கைப்பிடி ஒட்டிய இடத்தில் விரிசல் விட்ட வெள்ளைக் கப்பு. பட்டறையில் கழித்துப் போட்டதை எடுத்துவந்தது, இத்தனை வருஷமாக அதில் கல்லுப்புதான் கிடக்கிறது. திருப்பிப் பார்த்துவிட்டு, "அத்தை, அடியில இங்கிலீஷ்ல டின்னு கீறியிருக்குதே, இது யாரு எழுத்து?" என்றாள். "என் கூட்டாளி எழுத்தும்மா" என்றேன். சொன்ன பிறகு பல் தேய்க்கக்கூடப் பிடிக்கவில்லை. நீ போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் மறுபடியும் பழியை உன் மேலேயே போட்டுவிட்டேன்.

நம் செராமிக் பட்டறையில் கைப்பிடி ஒட்டும் மேசையில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். யார் ஒட்டிய கப்பு என்று தெரிவதற்காக ஆளுக்கு ஓர் இங்கிலீஷ் எழுத்து. சூளைக்குப் போகாத பச்சைக் கப்பின் அடியில் மூங்கில் குச்சியால் கீற வேண்டும். ஏ, ஈ, ஆர் மற்ற மூவருக்கு. எஸ் எனக்கு. டி உனக்கு. அதை விளையாட்டாக்கியது நீதான். சாப்பாட்டு நேரத்தில் கப்புகளைப் பலகையில் கவிழ்த்து வரிசையாக வைத்து வார்த்தை கோப்பாய். முதல் நாள் டீ. அப்புறம் சீட், ரெஸ்ட், ஈஸ்ட், டேஸ்ட். ஒருநாள் அரெஸ்ட் என்று வைத்துவிட்டு, சூப்பர்வைசர் வருகிற வழியைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். தெரியாத வார்த்தைக்கு உன் மகளின் பள்ளிக்கூட அகராதியில் அர்த்தம் பார்த்து, கருவேப்பிலங்குறிச்சி பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சொல்லிக்கொண்டு வருவாய். "அர்த்தம் தெரியலன்னா கணக்குல சேராதுடி" என்பது உன் சட்டம். பேப்பரில் எழுதிக் காட்டினாலும் செல்லாது. கப்பில்தான் வைக்க வேண்டும்.

ஒருநாள் மகள் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள் என்று மதியம் இரண்டு மணி நேரம் பர்மிஷன் போட்டாய். கிளம்பும்போது என்னிடம் ஒரு பந்தயம் வைத்தாய். "அஞ்சு பேரு எழுத்தும் ஆளுக்கு ஒருவாட்டி வரணும். ஒருத்தியும் வுட்டுப் போவக்கூடாது. நான் வரதுக்குள்ள கண்டுபுடிச்சு வையி."

எனக்கு மதியம் முழுக்க அதே நினைப்பு. எதிரே என் கப்புகள் கைப்பிடி இல்லாமல் காய்ந்துகொண்டிருந்தன. எனக்கு அது உறைக்கவில்லை. திடீரென்று பிடிபட்டது. ஸ்டேர், முறைத்துப் பார்ப்பது. அதே ஐந்து எழுத்தில் ரேட்ஸ், விலைகள். டியர்ஸ், கண்ணீர். ஒன்று கேட்டால் மூன்று! தலைகால் புரியவில்லை எனக்கு. ஆனால் பலகையில் வைக்க டி இல்லை. உன் கப்புகளைக் காயவைக்கும் அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். என் கப்புகளை எடுத்து உன் எழுத்தைக் கீறினேன். டீ, டேஸ்ட், ட்ரீட் என்று பழைய வார்த்தைகளையும் சேர்த்துப் பலகை நிறையப் பரப்பிவிட்டேன். நீ பார்த்ததும் ஈரப் பஞ்சால் அழித்துவிட்டு எஸ் போட்டுக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

நீ அன்று திரும்பி வரவில்லை, நேராக வீட்டுக்குப் போய்விட்டாய். வேலை முடியும் நேரம் நெருங்கியதும் அவசர அவசரமாகக் கைப்பிடிகளை ஒட்டினேன். கப்பும் கைப்பிடியும் ஒரே ஈரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சூளையில் விரிசல் விடும் என்பது மேசைக்கு வந்த முதல் நாளே எல்லோருக்கும் சொல்வது. என் கப்புகள் காய்ந்து வெளுத்திருந்தன. ஒட்டிக்கொண்டால் போதும் என்று அழுத்தினேன். மறுநாள் காலையில் பலகை காயவைக்கும் அறைக்குப் போய்விட்டது. தேடிப் போய் எழுத்தை அழித்திருக்கலாம். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன், சோம்பேறி.

சூளை திறந்த அன்று சூப்பர்வைசர் விரிசல் விட்ட கப்புகளைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தார். "அத்தனையும் டி. ஒரே ஆளு" என்றார். நீ ஒன்றை எடுத்து விரிசல் மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தாய். உனக்குச் சந்தேகமே வரவில்லை. டி என்பது இரண்டு கீறல், யார் கீறினாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். "பொண்ணு ஸ்கூலுக்குப் போவணும்னு அவசரத்துல ஒட்டிட்டேன் போல இருக்குதுங்க" என்றாய்.

அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். எனக்கு ஏற்கனவே இரண்டு தடவை எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள், மூன்றாவது என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பயம்தான். வேறு எந்தக் காரணமும் இல்லை. உன்னைச் சூளைப் பக்கம் பலகை தூக்க அனுப்பினார்கள். போகும்போது என் தோளைத் தட்டி, "ஆமா, அந்த வார்த்தை கெடைச்சுதாடி?" என்று கேட்டாய். இல்லை என்றேன். கிடைத்தது என்றால் எந்தக் கப்பில் வைத்தாய் என்று கேட்பாயே.

இரண்டு வருஷம் கழித்து மேசையில் ஓர் இடம் காலியானபோது சூப்பர்வைசரே உன்னைக் கூப்பிட்டார். "வேணாங்க, என் கை சரியில்லீங்க" என்று சொல்லிவிட்டு வெயிலுக்குள் திரும்பிப் போனாய். நம் மேசையிலேயே உன் ஒட்டுதான் சுத்தம். அது எனக்குத் தெரியும். குனிந்த தலை நிமிராமல் கைப்பிடி ஒட்டிக்கொண்டிருந்தேன்.

உன் காரியத்துக்கு வந்திருந்தபோது உன் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சித்தி, அம்மா கடைசி வரைக்கும் என் கைக்கு என்னமோ ஆயிடுச்சின்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. ஒரு கொழுக்கட்டை புடிக்கக்கூட என்னைத்தான் கூப்பிடுவாங்க" என்றாள். என்னால் தாங்க முடியவில்லை. இருந்தும் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, போயிட்டு வரேம்மா என்று எழுந்து வந்துவிட்டேன். வேலையை எடுத்தது சூப்பர்வைசர் என்று இத்தனை நாள் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தேன். உன் கை மேல் உனக்கிருந்த நம்பிக்கையை எடுத்தது நான்.

இன்று மத்தியானம் மருமகளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. கப்பிலிருந்த உப்பை வேறு டப்பாவில் கொட்டி, கழுவித் துடைத்து என் கையில் கொடுத்தாள். "நாளைக்குக் காலையில வண்டியில கூட்டிட்டுப் போறேன். அவங்க பொண்ணுகிட்டயும் சொல்லிடுங்க அத்தை" என்றாள்.

கப்பு இப்போது என் பைக்குள் இருக்கிறது. நாளை உன் வீட்டில் அதைக் கவிழ்த்து வைப்பேன். உன் மகள் டியைப் பார்த்ததும் அம்மா செய்தது என்று கையில் எடுப்பாள், ஒருவேளை அழுவாள். அவள் அழுதாலும் பேச்சை நிறுத்த மாட்டேன். எழுத்து அம்மாவோடது, கீறினது நான். கைப்பிடி ஒட்டினதும் நான்தான். உங்கம்மா கைக்கு ஒண்ணும் ஆகலம்மா.