பினாங்கில் அச்சான பிலோமினா

சிங்கப்பூரிலிருந்து வந்த என் மைத்துனர் மகன் பெட்டியைத் திறந்ததும் புதுப் பசை வாடை அடித்தது. துணிகளுக்கு அடியில் உன் புத்தகம். இப்போது அங்கேயும் யாரோ போட்டிருக்கிறார்கள். அட்டையில் ஒரு கிணறு, பக்கத்தில் ஒரு பெண். அவசரமாகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். முடிவை மாற்றவில்லை. நீ போய்ச் சேர்ந்ததாவது அவர்களுக்குத் தெரியுமோ என்னவோ.

இங்கே ஒரு பத்திரிகையும் உன் பேய்க்கதைகளைத் தொடவில்லை. மில் வேலை முடிந்ததும் வில்லியனூரில் என் மளிகைக் கடைக்கு வந்து, வாங்க வந்தவர்கள் காதுபட வாசிப்பாய். வந்த காரியத்தையே மறந்துவிட்டு நின்றவர்கள் உண்டு. கடைசியில் பினாங்கில் புத்தகம் போடுகிற ஒருவர்தான் கேட்டு வாங்கினார்.

பேய்க்குப் பேர் வைக்க உனக்கு ஒரு வழி இருந்தது. கல்லறைத் திருநாளன்று எல்லோரும் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருக்க, நீ சிலுவைகளில் உள்ள பேர்களைப் படித்துக்கொண்டே நடப்பாய். கிணற்றில் விழுந்து செத்த பிலோமினாவின் பேரை அப்படித்தான் எடுத்து, கடைசிவரை கிணற்றடியிலேயே நிற்கும் உன் பேய்க்கு வைத்தாய்.

"வேணாம்டா, அவ அம்மா இங்கதான இருக்குது" என்றேன்.

"கடலுக்கு அந்தாண்ட இருக்கறவன் படிக்கப் போறான். அவனுக்கு நம்ம ஊர்ல செத்தவங்கள இன்னா தெரியும்?"

நம் ஆட்களில் எத்தனை பேர் அந்தப் பக்கம் போய்ப் பிழைக்கிறார்கள் என்பது உனக்கு எப்படித் தோன்றாமல் போனதோ, கெட்டிக்காரா.

லீவில் வந்த ஒருவருடைய பெட்டியில் புத்தகம் ஊருக்கு வந்தது. யாரோ பிலோமினாவின் அம்மாளுக்கு வாசித்துக் காட்டிவிட்டார்கள். நேரே கடைக்கு வந்தார். உன்னை அடிப்பார் என்று நினைத்து நான் நடுவில் போய் நின்றேன். அவர் சத்தம்கூடப் போடவில்லை.

"அவ இன்னும் கெணத்தாண்டதான் நிக்கறாளாப்பா?" என்று உன்னைக் கேட்டார்.

"நான் பாக்கலம்மா. எல்லாம் பொய்யி. மனசுல தோணுனத எழுதுனேன்."

"அச்சுல போட்டிருக்குதே. நீதான எழுதுன? அப்ப நீயே, அவ வூட்டுக்கு வந்துட்டான்னு எழுதிடுப்பா."

உன் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

எழுதினாய். பிலோமினா ஈரத்துணியோடு வீட்டுக்குள் வந்து, அம்மா போட்ட சோற்றைத் தின்றுவிட்டுப் படுத்துத் தூங்குகிறாள். பினாங்குக்காரர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஜனங்கள் பயப்படத்தான் வாங்குகிறார்களாம். இரண்டாம் பதிப்பிலும் அவள் கிணற்றடியிலேயே நின்றாள். கொழும்பில் போட்டவரும் அதைப் பார்த்தே போட்டார். எல்லோரிடமும் கெஞ்சிப் பார்த்தாய். அதற்குப் பிறகு வேறு கதையே எழுதவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், "மாத்திட்டானுங்களாடா?" என்றுதான் என்னைக் கேட்டாய்.

உன்னைப் புதைத்த அன்று அந்த அம்மாள் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"எழுதுனவன் போயிட்டான். இனிமே எம் பொண்ண வூட்டுக்கு யாருப்பா கூட்டியாருவா?"

எனக்குக் கதை எழுத வராது, உனக்கே தெரியும். அந்தக் கேள்வி உன்னிடமிருந்து என்னிடம் வந்துவிட்டது. இன்றும் அவர் கடைக்கு வந்தால், அரிசியை வாங்கிக்கொண்ட பிறகும் கொஞ்ச நேரம் நிற்கிறார்.