உள்ளபடி ஒரு சுவர்

ஒக்டோபர் 7, செவ்வாய்

காலையிலிருந்தே மூடுபனி. பொகவந்தலாவை பஸ் தாமதம். பாடசாலைக்கு ஓட்டமும் நடையுமாக. தரம் ஒன்பதுக்கு நிழல் தீட்டுதல். பாதிப் பேரிடம் பென்சில் இல்லை.

ஞாயிறு ஹட்டனில் இலக்கிய வட்டத்தில் நான் பேச வேண்டும். தலைப்பு: யதார்த்தம். எதற்கு ஒப்புக்கொண்டேனோ. சித்திர டீச்சர் என்றால் இதெல்லாம் கைவந்த கலை என்று நினைத்துவிட்டார்கள். இதுவரை எழுதியது:

– ஓவியம்: உள்ளதை உள்ளபடி. (யார் கண்ணுக்கு?)
– இலக்கியம்: ஏழை அழுதால் யதார்த்தம், சிரித்தால் இல்லை. யார் போட்ட சட்டம்?
– அரசியல்: பிறகு.
– தத்துவம்: பயமாக இருக்கிறது.

மாலை கடைக்கார நானாவிடம் வரைதாள் வாங்கினேன். "டீச்சர், ஒங்க அண்ணி நேத்து சுண்ணாம்பும் சீமெந்தும் வாங்கிட்டுப் போனாங்க. தீவாளி வேலைய தொடங்கிட்டாங்க போல" என்றார். இருக்கும். தீபாவளிக்கு லயத்து வரிசை வீடுகளில் வெள்ளையடிப்பதில் அண்ணிதான் எப்போதும் முதல் ஆள்.

அண்ணிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் செய்தேன். இல்லை.

8, புதன்

மழை. அண்ணி ஏன் போனை எடுக்கவில்லை என்று தெரிந்துவிட்டது. பஸ்ஸில் பின் சீட்டில் தோட்டத்துப் பெண்கள் இரண்டு பேர்.

"கண்காட்சியில செல்வி வீட்டு செவத்த வரைஞ்சு மாட்டியிருக்காம்."

"யாரு?"

"அவ நாத்தனாதான். வெடிப்போட."

"அய்யோ, மானம் போச்சே."

சிரிப்பு. நான் திரும்பவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு முன்னாலேயே பார்த்தபடி.

அந்தப் படம் போன மாதம் ஹட்டனில் வைத்தது. லயத்தில் அண்ணன் வீட்டுப் பின்சுவர். கூரையிலிருந்து தரை வரை இறங்கும் வெடிப்பு, அதன் அடியில் அண்ணியின் பிய்ந்த செருப்பு. அங்கேயே உட்கார்ந்து பார்த்துப் பார்த்து வரைந்தேன். போட்டோ எடுத்து அதைப் பார்த்து வரைவது எனக்கு ஆகாது. அதில் ஒரு திமிர் வேறு. அண்ணி டீ போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். இதை ஊர் பார்க்க மாட்டலாமா என்று நான் கேட்கவில்லை.

அவர் கோபம் நியாயம். என் படமும் நியாயம். இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

10, வெள்ளி

மண்சரிவு அபாயம் பார்க்க அதிகாரி ஒருவர் வருவார் என்று அண்ணன் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பார்த்து அபாயம் என்று எழுதும் வீடுகளுக்குத்தான் கீழே மைதானத்துப் பக்கம் புது வீடு. இன்று காலை வந்திருக்கிறார். பாடசாலை விட்டதும் லயத்துக்கு ஓடினேன்.

உள்ளே போனதும் கண் கூசியது. சுவர் வெள்ளை வெளேரென்று. வெடிப்பு இருந்த இடத்தில் மேலிருந்து கீழாக முருகன், பிள்ளையார், லட்சுமி. சீமெந்து வைத்து அடைத்து, சுண்ணாம்பு பூசி, சாமிப் படங்களையும் மாட்டி முடித்தாயிற்று.

"என்ன அண்ணி இது?"

"வர்ற மனுசன் நம்ம வீட்ட பாத்து மொகத்த சுளிக்கணுமா? நீ ஊருக்கே காட்டுனது பத்தாதா?"

அதிகாரி சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தாராம். டீ, பிஸ்கட். சாமிப் படங்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாராம். "கெதர ஹொந்தய்னே" என்று சிங்களத்தில் சொன்னாராம். வீடு நன்றாகத்தானே இருக்கிறது! இரண்டு பக்கத்து வீடுகளையும் எழுதிக்கொண்டார். அண்ணன் வீட்டை விட்டுவிட்டார்.

"வெடிப்பு இருக்குன்னு வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "அவரு கேட்டாரு. ஒன்னுமில்ல சார்னு இவ சொல்லிட்டா."

அண்ணி அடுப்படிக்குப் போய்விட்டார். பிள்ளைகள் இரண்டும் அந்தச் சுவரோரம்தான் படுக்கிறார்கள். எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். அண்ணி மேலா, என் மேலா, தெரியவில்லை.

11, சனி

அதிகாரி பக்கத்துத் தோட்டத்தில் என்று கேள்விப்பட்டு, படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு போனேன். தன்மையான மனிதர். வெகுநேரம் பார்த்தார். தனக்குத் தெரிந்த தமிழில், "மிச்சம் நல்ல படம் டீச்சர். ஆனா படம்தானே? நீங்க நெனச்சா மலையையும் வெடிக்க வைக்கலாம்" என்றார்.

சிரித்து வைத்தேன். ஒரே ஒரு போட்டோ எடுத்திருந்தால்! புதன்கிழமை அந்தப் பக்கம் திரும்ப வருவாராம். சுவரிலேயே காட்டினால் எழுதிக்கொள்வாராம். அது போதும்.

திரும்புகிற வழியில் தோட்டத் தலைவர். அதிகாரி சொன்னதைச் சொன்னேன். "இத்தன வீடு எழுதுனதே பெரிசு டீச்சர். கொஞ்சம் யதார்த்தமா பாருங்க. இப்ப போயி செவத்த சொரண்டுனா, எல்லாருமே பொய் சொல்றாங்கன்னு மத்த வீட்டையும் வெட்டிருவாங்க."

குறிப்புக்கு: அரசியல் – கிடைத்தவரை போதும் என்பது. சொல்பவர் வீட்டுச் சுவர் பெரும்பாலும் நன்றாக இருக்கும்.

அண்ணியிடம் போய்ப் புதன்கிழமை விஷயத்தைச் சொன்னேன். "சொரண்ட மாட்டேன். அந்தாளு முன்னுக்கு என்னைய பொய்க்காரியா நிக்க வைக்கப் பாக்குறியா?" என்று கதவைச் சாத்தினார். முகத்துக்கு நேராக.

மருந்து வாங்க மறந்தேன். தலைவலி.

12, ஞாயிறு

கூட்டம் நடந்தது. பரவாயில்லாத கூட்டம், வடை நன்றாக இருந்தது. "நாம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் ஒரு பொருள் இருக்கத்தான் செய்கிறது. தத்துவத்தில் யதார்த்தவாதம் என்பது இதுதான்" என்றேன். சொல்லும்போதே அந்த முருகன் படம் கண்ணில் வந்து நின்றது. அடுத்த வரி மறந்துபோனது. தண்ணீர் குடித்துச் சமாளித்தேன். கைதட்டினார்கள்.

கடைசியில் ஆஸ்பத்திரித் தாதியம்மா ஒருவர் எழுந்தார். "எங்க சனம் நல்லா உடுத்துறதும் உண்மைதானே டீச்சர்? அத ஏன் யாரும் வரையிறதில்ல?"

ஏதோ பதில் சொன்னேன். எல்லாம் தெரிந்தவள் மாதிரி. பஸ்ஸில் வரும்போது வெட்கமாக இருந்தது.

14, செவ்வாய்

நேற்றிலிருந்து விடாத மழை. பாடசாலை இல்லை. துணி காயவில்லை. விடைத்தாள் திருத்த உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து. எதிலும் மனம் நிற்கவில்லை. பதினொரு மணிபோல அண்ணியின் போன். "வா புள்ள. ஒன் வர்ணப் பொட்டியையும் எடுத்துக்கிட்டு வா." வைத்துவிட்டார்.

போனேன். சாமிப் படங்கள் கட்டிலில். அண்ணி தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். தலையெல்லாம் சுண்ணாம்பு.

"முருகன் படம் கோணலா நின்னுச்சு. நிமித்தி வச்சேன். காலையில பாத்தா மறுபடி கோணல். செவரு நகருது புள்ள."

விரல் மட்டும் நுழைந்த வெடிப்பில் இன்று என் கை நுழைகிறது. உள்ளிருந்து குளிர்காற்று.

"நாளைக்கு அந்த சார் வருவாருல்ல? நான் பொய் சொன்னேன்னு நானே சொல்லிக்கிறேன். நீ சொல்லிக் குடுக்காத."

மழை விடும்வரை எல்லாரும் என் வாடகை அறையில் என்று முடிவு. அண்ணன் துணி மூட்டையைத் தூக்கி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டார். கிளம்பலாம் என்று பார்த்தால் அண்ணியைக் காணோம். தீபாவளிக்கு எடுத்த மயில்கழுத்து நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார். தலை சீவி, பொட்டு வைத்து. பிய்ந்த செருப்பைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு வெடிப்புக்குப் பக்கத்தில் நின்றார்.

"வெடிப்ப உள்ளபடி வரை. என்னையும் உள்ளபடி வரை. நான் இப்புடியும்தான் இருக்கேன்."

முதலில் அந்த வெடிப்பைப் போனில் ஒரு போட்டோ எடுத்தேன். பிறகு வரைந்தேன். நீலமும் பச்சையும் கலந்து அந்த நிறம் வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. சேலை முடிந்தது. முகம் பாக்கி. மேலிருந்து மண் உதிர்ந்து தாளில் விழுந்தது.

"போயிருவோம் அண்ணி. பயமா இருக்கு."

"மொகத்த முடி."

அவசரமாக முடித்தேன். வெளியே வந்தோம். அண்ணி கதவைப் பூட்டவில்லை.