அம்புக்குறிக் கல்லுக்குப் பொட்டு வைத்தவர் மீது புகார்

அனுப்புநர்:
த. கருப்பாத்தாள் (வயது 58),
க/பெ. சு. தம்பிதுரை,
அம்மன் நகர் இரண்டாம் வீதி,
அன்னூர், கோயம்புத்தூர் மாவட்டம்.

பெறுநர்:
வனச்சரக அலுவலர் அவர்கள்,
வேங்கைப்பள்ளம் வனச்சரகம்,
கோயம்புத்தூர் மாவட்டம்.

பொருள்: மூங்கில் பாதையில் என் கணவர் வழி தவறியது – வனக் காவலர் திரு. பிரான்சிஸ் அவர்களை மீண்டும் பணியில் சேர்க்கவும், உண்மையில் தவறு செய்தவர் மீது புகாரைப் பதியவும் வேண்டுதல்.

பார்வை: சோதனைச் சாவடியில் ஒட்டப்பட்ட தங்கள் அலுவலக அறிவிப்பு, நாள் 20.01.2025.

பெருமதிப்பிற்குரிய ரேஞ்சர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் நலமாக இருக்கிறார். இதை நான் எழுதும்போது, காப்பியில் சர்க்கரை இல்லை என்று பக்கத்தில் உட்கார்ந்து சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறார். அந்தச் சண்டை காதில் விழுவதே எனக்குப் பெரிய நிம்மதி. அவரைத் தேடிக் கொடுத்தவர் வேலையில்லாமல் வீட்டில் இருப்பதால்தான் இம்மனு.

1. அன்னூரிலிருந்து நாங்கள் ஏழு பெண்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கள் சரகத்துக்கு நடக்க வருகிறோம். அருவிப் பாதைக்கு நாங்கள் போவதில்லை. அங்கே கூட்டம், பஜ்ஜிக் கடை, செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுவழியில் நிற்கிறவர்கள். மூங்கில் பாதையில் ஈ காக்கை இருக்காது. மூச்சு வாங்கினால் அந்தச் சத்தம் நமக்கே கேட்கும். அங்கே நடந்து வந்தால் ஒரு மாதத்துக்கு யார் மீதும் எனக்குக் கோபம் வருவதில்லை.

2. என் கணவர் சிங்காநல்லூரில் ஒரு பட்டறையில் முப்பத்தோரு வருடம் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோயாளி. டாக்டர் நடக்கச் சொன்னதால், கடந்த 12.01.2025 ஞாயிறு அன்று முதல்முறையாக எங்களோடு வந்தார். பெண்கள் நடையின் வேகம் அவருக்குப் பொறுக்கவில்லை. எங்களுக்கு வழித்துணையாக வந்த காவலர் திரு. பிரான்சிஸ் இரண்டு முறை, "ஐயா, முன்னாடி போகாதீங்க, ஒட்டுக்கா போலாமுங்க" என்று தடுத்தார். அதற்கு இவர் கையை ஆட்டிவிட்டு நடந்தார். எங்களில் ஒருவருக்கு முழங்கால் வலி. அவரை விட்டுவிட்டுக் காவலர் ஓட முடியாது. ஆகவே, "அப்படின்னா அம்புக்குறிக் கல்லுகிட்ட நில்லுங்க, நாங்க வந்தர்றோம்" என்று சத்தமாகச் சொன்னார். என் கணவரும் சரி என்றார். மாத்திரையும் சாப்பாடும் என் பையில் இருந்தன.

3. அந்தக் கல்லைப் பற்றித் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் தங்கள் துறை நட்டது. வலப்பக்கம் அம்புக்குறி, "பார்வைமுனை" என்ற எழுத்து. ஆனால் இன்று அந்தக் கல்லில் அம்பும் தெரியாது, எழுத்தும் தெரியாது. விரல் கனத்துக்கு மஞ்சள், அதன் மேல் குங்குமம், சிவப்புத் துணி, ஒரு சின்ன மணி. எங்கள் குழுவில் எல்லோரும் அதை "வழிகாட்டியம்மன்" என்றுதான் சொல்வோம். அம்புக்குறிக் கல் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர் திரு. பிரான்சிஸ் ஒருவரே.

4. என் கணவர் அங்கே வந்து பார்த்திருக்கிறார். அம்மன் இருந்தது, அம்புக்குறிக் கல் இல்லை. சரி, அது இன்னும் மேலே இருக்கும்போல என்று நினைத்து, சாமி கும்பிட்டு, குங்குமம் எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு, அகலமாகத் தெரிந்த இடது பாதையில் போய்விட்டார். அது யானைகள் தண்ணீருக்கு இறங்கும் பாதை.

5. நாங்கள் வந்தபோது அவர் அங்கே இல்லை. பார்வைமுனைக்குப் போயிருப்பார் என்று மேலே ஏறினோம். அங்கும் இல்லை. செல்போனில் சிக்னல் இல்லை. திரும்பிக் கல்லருகே வரும்போது மணி பத்தரை. எங்களில் இளையவரான லோகப்பிரியா சாவடிக்கு ஆள் கூப்பிட ஓடினார். நான் வழிகாட்டியம்மன் முன்னால் உட்கார்ந்து, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் ஐயா, வாய்விட்டு அழுதேன். முப்பத்து நான்கு வருடம் வாழ்ந்த மனிதரை மாத்திரைப் பையை என் கையில் வைத்துக்கொண்டு தொலைத்துவிட்டேனே என்று இருந்தது.

6. திரு. பிரான்சிஸ் அழுகையைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. இரு பாதையிலும் குனிந்து குனிந்து பார்த்தார். பிறகு இடது பாதையில் இருபதடி தள்ளியிருந்த வேங்கை மரத்தடிக்கு என்னை அழைத்தார். தோள் உயரத்தில் மரப்பட்டையில் மூன்று விரல் அகலத்துக்குக் குங்குமம் தீற்றியிருந்தது. பார்த்தவுடன் எனக்கு உயிர் வந்தது. நெற்றிக்கு வைத்தது போக மீதிக் குங்குமத்தைக் கோயில் தூணில் தடவும் கெட்ட பழக்கம் என் கணவருக்கு உண்டு. எங்கள் வீட்டு நிலைக்கதவே சாட்சி. இத்தனை வருடமும் நான் திட்டித் தீர்த்த பழக்கம் அது.

7. சாவடியிலிருந்து வந்த இன்னொரு காவலரைக் கூட்டிக்கொண்டு திரு. பிரான்சிஸ் அந்தப் பாதையில் இறங்கினார். பகல் ஒரு மணிக்குப் பள்ளத்து ஓரத்தில் அவரைக் கண்டார். காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, நெல்லிக்காய் தின்றுகொண்டிருந்தாராம். பத்தடி தள்ளிச் சூடு ஆறாத யானைச் சாணம் கிடந்ததாம். மேலே வந்தவர் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: "ஏம்புள்ள, இத்தன நேரமா சாமி கும்புட்டே?" அடிக்கவும் தோன்றியது, காலில் விழவும் தோன்றியது. மறுநாள் பரிசோதித்ததில் சர்க்கரை அளவு வழக்கத்தைவிடக் குறைவாகவே இருந்தது.

8. இத்தனைக்கும் பிறகு 26.01.2025 அன்று சாவடியில் தங்கள் அறிவிப்பைப் பார்த்தேன். மூங்கில் பாதை மூடப்பட்டுச் சங்கிலி கட்டியிருந்தது. "அடையாளம் தெரியாத நபர்கள்" கல்லின் மீது மஞ்சள் குங்குமம் பூசி அம்புக்குறியை மறைத்ததாகவும், அதைச் சுத்தம் செய்யத் தவறிய காவலர் பணியிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டதாகவும் எழுதியிருந்தது.

9. நன்றி சொல்ல அவர் வீட்டுக்குப் போனேன். அவர் யார் மீதும் குறை சொல்லவில்லை. தங்களுக்குக் கொடுத்த விளக்கத்திலும் "இனிக் கவனமாக இருப்பேன்" என்று ஒரே வரி எழுதியதாகத் தெரிகிறது. அவர் மனைவி கிருபாதான் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "போன வருசமே அவரு துணியும் தண்ணியுமா தொடைக்கப் போனாருங்க. 'தம்பி, சாமி மேல கை வெக்காதீங்க'ன்னு ஒருத்தங்க சொல்லிப்போட்டாங்க. நாம வேதக்காரங்க, வீணா எதுக்குப் பேச்சுன்னு விட்டுட்டாருங்க." சொன்னவர் யார் என்று கேட்டேன். காப்பி கலக்கிறேன் என்று கிருபா எழுந்து உள்ளே போனார். எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அப்படிச் சொன்னது நான்தான்.

10. ஆகவே ஐயா அவர்கள் திரு. பிரான்சிஸை உடனே பணியில் சேர்க்க வேண்டும். சங்கிலியை அவிழ்த்து மூங்கில் பாதையைத் திறக்க வேண்டும். அம்புக்குறியை இரும்புக் கம்பத்தில், குங்குமம் பிடித்த எந்தக் கைக்கும் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். கல்லைப் பிடுங்க வேண்டாம். அதை அடுத்த ஞாயிறு எங்கள் குழுவே கழுவித் தரும். திரு. பிரான்சிஸ் தண்ணீர் ஊற்ற, நான் தேய்ப்பேன்.

11. கடைசியாக, புகார். 2023ஆம் ஆண்டு ஆயுத பூஜைக்கு அடுத்த ஞாயிறு, வீட்டில் கிரைண்டர், மோட்டார், மொபெட் எல்லாவற்றுக்கும் வைத்தது போக மீதிக் குங்குமம் ஒரு பெண்ணின் பையில் இருந்தது. நமக்கு வழி காட்டுகிற கல்லாயிற்றே, இதற்கும் ஒன்று இருக்கட்டும் என்று அம்பின் முனையில் முதல் பொட்டை அவர் வைத்தார். மற்றதெல்லாம் அதன் மேல் ஏறியது. தங்கள் துறை தேடும் அந்த "அடையாளம் தெரியாத நபரின்" பெயர், வயது, முழு முகவரி யாவும் இம்மனுவின் தொடக்கத்தில், அனுப்புநர் என்ற இடத்தில் உள்ளன.

இடம்: அன்னூர்
நாள்: 03.02.2025

தன் கைப்பட எழுதி ஒப்பமிடுபவர்,
த. கருப்பாத்தாள்

சாட்சி: மேற்கண்டவை உண்மை. மரத்தில் தடவியது நான்தான்.
சு. தம்பிதுரை