முப்பதுக்கு முப்பது வாங்கியதால் ரத்தான மூளை ஸ்கேன்

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற செய்தியாளர்,
நினைவு நோய்ப் பிரிவின் முன்னாள் தலைமைச் செவிலியருடைய கணவர்.

பெறுநர்:
மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்கள்.

பொருள்: நினைவுச் சோதனை மதிப்பெண்ணைக் காட்டி நிறுத்திய ஸ்கேனை எடுத்துத் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. என் மனைவிக்கு எழுதிக் கொடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேன் ரத்தாகிவிட்டது. இன்று காலை ஸ்கேன் பிரிவு மேலாளரே இதை உறுதி செய்தார். நினைவுச் சோதனையில் இருபத்தாறுக்குக் கீழே எடுத்தவர்களுக்குத்தான் இந்த ஸ்கேன் என்பது தங்கள் விதி. என் மனைவி எடுத்தது முப்பதுக்கு முப்பது. "எனக்கே இருபத்தெட்டுதான் சார் வந்துச்சு. அவங்களுக்கு என்ன குறைச்சல்?" என்றார் மேலாளர்.

2. ஓய்வு பெறும்வரை அந்தக் கேள்விகளைத் தங்கள் நோயாளிகளிடம் கேட்டுவந்தவரே என் மனைவிதான். நினைவில் வைத்துச் சொல்ல வேண்டிய ஐந்து சொற்கள்கூட இன்னும் மாறவில்லை. சோதித்த இளம் மருத்துவர் ஒரு கேள்வியைத் தாண்டிப் போக, "தம்பி, நூத்துலேருந்து ஏழு ஏழா கழிக்கச் சொல்லலையே" என்று இவர் எடுத்துக் கொடுத்தார். அவர் சிரித்துவிட்டு அதற்கும் மதிப்பெண் போட்டார். கேள்வி கேட்டவரையே தேர்வில் உட்கார வைத்துத் தேர்ச்சி என்று அறிவிப்பது எந்த ஊர் நியாயம்?

3. சோதனை முடிந்து வெளியே வந்ததும் என் மனைவி லிஃப்ட்டின் முன் நின்று, எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தார். சில மாதங்களாகக் காலைத் தேய்த்துத் தேய்த்துத்தான் நடக்கிறார். "ஞாபகமெல்லாம் இருக்கு. எதுக்கப்புறம் எதுன்னுதான் வரமாட்டேங்குது" என்கிறார். இதைக் கேட்டுத்தான் நரம்பியல் மருத்துவர் ஸ்கேன் எழுதினார். மூளையின் பகுதிகளை இணைக்கும் வெண்பொருள் கெடும்போது சிலருக்கு நடையும் வேகமும் முதலில் குறையும், மறதி பின்னால்தான் வரும், அந்தச் சேதத்தைத் தொடக்கத்திலேயே படத்தில் காண முடியும் என்று விளக்கினார். மறதி வந்த பிறகுதான் படம் என்றால், அவ்வளவு பெரிய இயந்திரம் எதற்கு?

4. முழு மதிப்பெண் வந்த அன்றே என் மனைவி இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டார். அழுத்தம் ஏறினால் சேதம் கூடும் என்று மருத்துவர் எச்சரித்திருக்கிறார். நானும் மகளும் கெஞ்சிப் பார்த்துவிட்டோம். "பேப்பர்காரர் சொல்லி நர்ஸு மாத்திரை முழுங்கணுமா? படத்தைக் காட்டுங்க, முழுங்கறேன்" என்பதே பதில்.

5. ஆகவே, மதிப்பெண்ணை ஒதுக்கிவிட்டு இந்த ஸ்கேனுக்குத் தாங்கள் அனுமதி தர வேண்டும். விதிவிலக்குக் கேட்டு நரம்பியல் மருத்துவர் அனுப்பிய குறிப்பு தங்கள் மேசையில் இருப்பதாக அவருடைய உதவியாளர் சொல்கிறார். தங்கள் கையொப்பம் மட்டுமே பாக்கி. வியாழக்கிழமை முடிவு தெரியும் என்கிறார்கள். அதுவரை என் வீட்டில் மாத்திரை டப்பா திறக்கப்படாது.

நாள்: திங்கட்கிழமை
இடம்: ஸ்கேன் பிரிவு காத்திருப்புக் கூடம்

(ஒப்பம்)
நோயாளியின் கணவர்