இடப்பக்கத்துக்கு ஒரு ஆள்

ஏப்ரல் 11, செவ்வாய்

டிராஃப்டுக்கு இன்னும் பதினாறு நாள். கல்லூரிப் பையன்களை அணிகள் ஒவ்வொன்றாக வரிசையில் வந்து பொறுக்கிக்கொள்ளும் அந்த வாரம் நெருங்கினால் ஈரி நகரமே கிறுக்குப் பிடித்து அலையும். இன்று பஸ் டிப்போவிலும் அதே சண்டை. எங்கள் ஊர் அமெரிக்கன் ஃபுட்பால் அணி ஸ்டோக்கர்ஸுக்கு இந்த வருடம் என்ன வேண்டும்? எல்லாருக்கும் ஓடிப் பந்து பிடிக்கிறவன் வேண்டுமாம். அழகாக ஓடுவான், பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டுவிட்டு இடுப்பை ஆட்டுவான். ஆட்டட்டும். பந்தை எறிகிற மர்டாக் தரையில் கிடந்தால் இவன் எதைப் பிடிப்பான், காற்றையா?

எத்தனை தடவை சொல்வது! மர்டாக் வலக்கைக்காரன். எறியத் திரும்பினால் இடப்பக்கம் அவன் கண்ணுக்குத் தெரியாது. அங்கே நூற்றைம்பது கிலோவில் ஒருத்தன் நின்று அவன் முதுகைக் காக்க வேண்டும். லெஃப்ட் டாக்கிள் என்று ஒரு இடம் இருப்பதே அதற்குத்தான். நம்மிடம் இருக்கிற ஹெக்மன் தாழ்ப்பாள் இல்லாத கதவு. டிசம்பரில் அவனைத் தாண்டி வந்து மர்டாக்கை அடித்தார்கள். மூன்று விலா எலும்பு. அந்தச் சத்தம் டிவியில் கேட்டது, சத்தியமாகக் கேட்டது.

லோரெட்டா, எந்த பஸ் எங்கே போக வேண்டும் என்று டிப்போவில் உட்கார்ந்து ரேடியோவில் எங்களை மேய்க்கிறவள், கேட்டாள்: "ஏண்டி ரெனி, ஊரே டச்டவுன் கேக்குது. நீ மட்டும் எப்பப் பாத்தாலும் தடுக்கறவனையே கேக்கறியே?"

சிரித்து மழுப்பினேன். இந்த நோட்டு என் பள்ளி பஸ்ஸில், முதலுதவிப் பெட்டிக்கு அடியில் இருக்கிறது. ஞாயிறும் லீவு நாளும் துண்டுத் தாளில் எழுதி அப்புறம் இதில் செருகிவிடுவேன். இதில் மழுப்ப வேண்டியதில்லை.

ஏப்ரல் 12, புதன்

ஸ்டோக்கர்ஸ் பதினைந்து பாயிண்டில் தோற்றால் என் புருஷன் வெர்னுக்கு ஒன்றுமில்லை. பாதி ஆட்டத்திலேயே திட்டித் தீர்த்துவிட்டு சோபாவில் குறட்டை விடுவான். தோற்கப்போகிறோம் என்று தெரிந்தே தோற்றால் அவன் குத்து சுவரோடு போய்விடும். ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தைக் கடைசி நிமிடத்தில் கோட்டைவிட்டால்தான் நான்.

சுவரில் மூன்று ஓட்டை. ஒன்றின் மேல் ஆட்ட அட்டவணை, ஒன்றின் மேல் அணிப் படம், ஒன்றின் மேல் ஸ்டோக்கர்ஸ் கடிகாரம். வீட்டுக்கு வருகிறவர்கள், "புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் இப்படி ஒரு வெறியா!" என்று வியக்கிறார்கள்.

போன சீசனில் அப்படிக் கோட்டைவிட்டது ஐந்து ஆட்டம். அதில் நான்கில் மர்டாக்கை இடப்பக்கத்திலிருந்து வந்து சாய்த்தார்கள். ஹெக்மன் அந்த நான்கு அடியைத் தடுத்திருந்தால் எனக்கும் நான்கு நாள் மிச்சமாகியிருக்கும். பத்து வயதிலிருந்து ஸ்டோக்கர்ஸ் பைத்தியம் நான். ஆனால் இப்போது அந்த ஆளை எனக்காகத்தான் கேட்கிறேன்.

ஏப்ரல் 19, புதன்

கிடைத்துவிட்டான். நெப்ராஸ்காப் பையன், பெயர் ஓலின் டிரஸ்கட். காலை டிரிப்புக்கும் மதிய டிரிப்புக்கும் நடுவே பஸ்ஸிலேயே உட்கார்ந்து அவனுடைய ஆட்டம் ஆறு பார்த்தேன். இடுப்பைத் தாழ்த்துகிறான், உள்ளங்கை இரண்டையும் எதிராளியின் நெஞ்சில் குத்தி வைக்கிறான், பாதம் மட்டும் குட்டிக் குட்டியாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. பிறகு ஒரே தூக்கு. ஒருத்தனை மல்லாத்தி, விசில் அடிக்கும்வரை அவன் மேலேயே கிடந்தான். கீழே கிடந்தவனின் ஹெல்மெட் கழன்று உருண்டது. பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு குளிர்ந்தது. நான் நல்ல பெண்தானா என்று சந்தேகமாக இருக்கிறது.

சாப்பிடும்போது வெர்னிடம் சொன்னேன். "யாரு? பேரே கேள்விப்பட்டதில்லையே," என்றான். அரை மணி கழித்து போனில், அவனோடு பிளாஸ்டிக் ஆலையில் வேலை செய்கிற கஸ்ஸிடம், "நான் பாத்த வரைக்கும் டிரஸ்கட்தான்டா. எழுதி வெச்சுக்கோ," என்கிறான். வைத்துக்கொள்ளட்டும். எனக்கு ஆள் வந்தால் போதும்.

ஏப்ரல் 28, வெள்ளி

நேற்று வீட்டில் டிராஃப்ட் விருந்து. கஸ், டிக்கி, இன்னும் நாலு பேர். நான் பியரோகி கொழுக்கட்டை பொரித்துக்கொண்டிருந்தேன். வெர்ன் நடுவில் நின்று டிரஸ்கட், டிரஸ்கட் என்று முழங்கினான். கஸ் வெள்ளந்தியாக, "ஏன்டா அவன்? அப்படி என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டான். வெர்ன் முழித்தான். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். தட்டோடு வந்து, "அவன் காலைப் பாரு கஸ். ரெண்டு பாதமும் தரையை விட்டு எழும்பாது. அதான் அவனைச் சுத்திக்கிட்டு யாரும் போக முடியல," என்றேன்.

எங்கள் முறை வந்தது. பிம்ஸ் என்று ஒரு ஓட்டக்காரனை எடுத்தார்கள். டிக்கி மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். "ஜோசியர் வெர்னு! எங்க ஐயா உங்க டிரஸ்கட்டு?" வெர்னும் கூடச் சிரித்தான். எல்லாரையும் வாசல்வரை போய் வழியனுப்பினான். கதவைச் சாத்தினான்.

காலையில் என் இடது கண் திறக்கவில்லை. ஒற்றைக் கண்ணோடு குழந்தைகளை ஏற்றிக்கொண்டு பஸ் ஓட்ட முடியாது. நான்கு நாள் லீவு சொன்னேன். அலமாரிக் கதவு இடித்தது என்றேன். போனில் லோரெட்டா, "போன தடவையும் அதே அலமாரியா?" என்றாள்.

இன்று மாலை இரண்டாவது சுற்று. டிரஸ்கட்டை எடுத்துவிட்டார்கள்! ஒற்றைக் கண்ணால் பார்த்தேன், கத்தியேவிட்டேன். கத்தினதில் உதடு மறுபடி பிளந்தது. வெர்ன் துணியில் ஐஸ் கட்டிக்கொண்டு வந்தான். "நான் சொன்னேன்ல?" என்றான்.

ஆகஸ்ட் 12, சனி

பயிற்சி ஆட்டத்தில் டிரஸ்கட் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எனக்கு உயிரே போய்விட்டது. வெறும் சுளுக்காம். சர்ச்சுக்குப் போய் அவன் முழங்காலுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கென்று ஒன்று ஏற்றவில்லை என்று ஞாபகம் வந்தது.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

இன்று கழிக்கும் நாள். தொண்ணூறு பேரில் ஐம்பத்துமூன்று பேர்தான் தங்கலாம். ஹெக்மனை வெட்டிவிட்டார்கள். டிப்போவில் பாதிப் பேர் பாவம் என்றார்கள். என்ன பாவம்? நாலு வருடமாக அதே தப்பு. ஒவ்வொரு முறையும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இனிமேல் நடக்காது என்பான். திறமை இருக்கிறது, மாறிவிடுவான் என்று பயிற்சியாளரும் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருத்தனை எவ்வளவு நாள்தான் பொறுத்துப் பார்ப்பது? அவனால் அடி வாங்குகிறவன் வேறொருத்தன் அல்லவா!

செப்டம்பர் 10, ஞாயிறு

24–16. ஜெயம். வெர்ன் பாத்திரம் கழுவினான்.

செப்டம்பர் 24, ஞாயிறு

ஆட்டம் முடிய இரண்டு நிமிடம், நாம் இரண்டு பாயிண்ட் பின்னால். ஜெயிக்க வேண்டிய ஆட்டம். வெர்ன் பேச்சை நிறுத்திவிட்டான். நான் சமையலறைக்குப் போய்க் கத்திகளைக் கீழ் டிராயரில் போட்டேன். காலணி போட்டு நாடாவைக் கட்டினேன். கார் சாவியைப் பைக்குள் வைத்தேன்.

வாசற்படியில் நின்றே பார்த்தேன். பிட்ஸ்பர்க்காரன் ஒருத்தன் இடப்பக்கத்திலிருந்து வெறியோடு பாய்ந்து வந்தான். டிரஸ்கட் அவன் தாடைக்கு அடியில் கையைக் கொடுத்து அப்படியே பூமியில் அறைந்தான். மர்டாக் நிதானமாக எறிந்தான். பிம்ஸ் பிடித்தான். 26–22.

வெர்ன் என்னைத் தூக்கிச் சுற்றினான். "ஏன் ஷூ போட்டிருக்க?" என்றான். குப்பை கொட்டப் போகிறேன் என்று சொல்லி நிஜமாகவே போய்க் கொட்டினேன். குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் பத்து நிமிடம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போனேன்.

அக்டோபர் 8, ஞாயிறு

ஐந்துக்கு ஐந்து. சுவரில் புதிதாக ஒன்றும் இல்லை. அணியை ஒழுங்காக அமைத்தால் வீடும் ஒழுங்காகும் என்று நான் நினைத்தது சரிதான்.

அக்டோபர் 15, ஞாயிறு

ஜெயிச்சோம். 27–10. ஜெயிச்சோம்டா! ஜெயிச்ச அன்னிக்கே.

பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். டிப்போ வாட்ச்மேன் ஒன்றும் கேட்காமல் கேட்டைத் திறந்துவிட்டார்.

ஆட்டம் முடிந்ததும் கஸ் பீர் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தான். "மர்டாக் மேல ஒரு தூசி பட விடலையே அந்த டிரஸ்கட் பய! ரெனி, நீ அன்னிக்கே சொன்னல்ல, காலைப் பாருன்னு? டேய் வெர்னு, ஸ்டோக்கர்ஸ்காரன் உன் பொண்டாட்டியத்தான்டா வேலைக்கு வெச்சிருக்கணும்!" எல்லாரும் கை தட்டினார்கள். டிக்கி விசிலடித்தான். நானும் புத்தி கெட்டுப்போய்க் குனிந்து வணங்கினேன். எத்தனை வருடமாயிற்று, எனக்கென்று யாராவது கைதட்டி!

வெர்னும் தட்டினான். ஐந்து மணிக்கு அவர்கள் போனார்கள். கதவைச் சாத்தினான்.

"பெரிய ஆளாயிட்ட இல்ல? என்னை வெச்சுக்கிட்டே?"

முடியைப் பிடித்துத் தலையை ஃபிரிட்ஜ் கதவில் அடித்தான். ஒன்று, இரண்டு, அப்புறம் எண்ணவில்லை. ஒரு பல் போய்விட்டது. கீழே கிடந்தபோது டிவியில் டிரஸ்கட் சிரித்துக்கொண்டே பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தான். வெர்ன் கை கழுவப் போனபோது ஓடி வந்துவிட்டேன். காலில் ஒன்றும் இல்லை. இன்றைக்குக் காலணி போடவில்லையே. ஜெயித்த நாள் அல்லவா, எதற்குப் போடுவேன்?

இரண்டு வருடமாக நான் எந்த அணியைச் சரிபண்ணிக்கொண்டிருந்தேன்? என்னை அடித்தது தோல்வி இல்லை, ஸ்கோர் இல்லை, ஹெக்மன் இல்லை. அவன்தான். அவன் மட்டும்தான். இதைக் கண்டுபிடிக்கத் தோற்கவே தோற்காத ஒரு அணியே வேண்டியிருந்தது எனக்கு, மடச்சிக்கு.

அக்டோபர் 16, திங்கள்

லோரெட்டா காலை ஐந்தரைக்கு வந்து பஸ் கதவைத் தட்டினாள். என் முகத்தைப் பார்த்தாள். "அலமாரியா?"

"இல்ல. வெர்ன்," என்றேன். அந்தப் பெயரை அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை.

அவள் அழவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. "என் வீட்டு மாடி ரூம் காலியாத்தான் கெடக்கு. மொதல்ல டாக்டர். அப்புறம் போலீஸ். அப்புறம் சாப்பாடு. எழுந்திரு," என்றாள்.

அக்டோபர் 21, சனி

புகார் பதிவாகிவிட்டது, கோர்ட்டு நவம்பரில்தான். வெர்னுக்கு இன்று ராத்திரியும் நாளை காலையும் ஆலையில் இரட்டை ஷிஃப்ட். லோரெட்டாவும் நானும் போய் என் துணிகளை எடுத்தோம். நாளை ஆட்டம், கஸ்ஸும் மற்றவர்களும் அவனோடு நேராக வீட்டுக்கு வருவார்கள்.

அட்டவணையைக் கழற்றினேன். அணிப் படத்தைக் கழற்றினேன். கடிகாரத்தையும். கறுப்பு மார்க்கரால் ஒவ்வொரு ஓட்டைக்குப் பக்கத்திலும் எதிரணியையும் ஸ்கோரையும் எழுதினேன். எல்லாம் மனப்பாடம். ஃபிரிட்ஜ் கதவில் என் தலை பதிந்த பள்ளத்துக்குப் பக்கத்தில் எழுதினேன்: 27–10, ஜெயித்தோம்.

லோரெட்டா பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்று எல்லாவற்றையும் படித்தாள். "நான் அவன் மண்டையை உடைக்கறதுக்குள்ள வா, போயிடலாம்," என்றாள்.

அக்டோபர் 24, செவ்வாய்

வெர்ன் டிப்போவுக்கு வந்தான், கையில் இரும்புக் கம்பியோடு. என் பஸ்ஸின் இடது கண்ணாடியை நொறுக்கினான், ஹெட்லைட் இரண்டையும் நொறுக்கினான். "வெளிய வாடி! என் வீட்டுக்கு வர்றவங்க முன்னாடி என்னை..." என்று கத்தினான். நான் உள்ளே ரேடியோ அறையில் இருந்தேன். ஐந்து டிரைவர்கள் கதவை மறித்து வரிசையாக நின்றார்கள். லோரெட்டா இடது கோடியில் நின்றாள். அவளுக்கு அறுபத்தொரு வயது. கம்பியை ஓங்கினான். ஒருத்தரும் நகரவில்லை. ஜன்னல் வழியாக அவர்களுடைய கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். போலீஸ் வர ஏழு நிமிடம் ஆனது.

நவம்பர் 2, வியாழன்

நீதிமன்றம். மூன்று வருடத்துக்கு அவன் என் பக்கம் வரக்கூடாது. கஸ் சாட்சி சொன்னான். நான் சுவரில் எழுதிய மறுநாள் ஆட்டத்தை யாரும் பார்க்கவில்லையாம். சுவரைப் படித்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்களாம். "நான்தான் வாயைத் தொறந்து கெடுத்துட்டேன் ரெனி," என்று வராந்தாவில் அழுதான். எனக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. வெர்ன் போகும்போது என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன், அவன் கண்ணைத் திருப்பும்வரை.

ஜனவரி 14, ஞாயிறு

நாக்-அவுட் ஆட்டம். ஏழு பாயிண்டில் ஜெயிப்போம் என்று ஊரே சொன்னது. டிரஸ்கட் நின்றான், மர்டாக் மேல் ஒரு கை படவில்லை. கடைசி நொடியில் இரண்டு கம்பத்துக்கும் நடுவே பந்தை உதைத்தால் போதும். கம்பத்தில் பட்டு வெளியே போனது. ஒரு பாயிண்டில் தோற்றோம்.

நான் பிம்ஸைத் திட்டினேன், உதைத்தவனைத் திட்டினேன், அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டினேன். தலையணையை டிவி மேல் எறிந்தேன். அழுதேன். அப்புறம் பார்த்தால், குனிந்து காலணி நாடாவைக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

"எங்கடி கெளம்பிட்ட, இந்தப் பனியில?" என்றாள் லோரெட்டா அடுப்படியிலிருந்து.

"எங்கயும் இல்ல."

"அப்ப வந்து உக்காரு. சூப்பு ஆறுது."

கழற்றி வைத்துவிட்டுப் போய்ச் சாப்பிட்டேன். உப்பு குறைவு. ஏப்ரலில் ஸ்டோக்கர்ஸுக்கு வேண்டியது ஒரே ஒரு ஆள், பந்தை நேராக உதைக்கத் தெரிந்தவன்.